பாதம் வைத்த எழுத்து

"மொதல்ல கண்ணாடியக் கழட்டுங்க."

போஸ்டர் அடிக்க வருகிறவர்களிடம் அந்த அக்கா எடுத்ததும் சொல்வது இதுதான். தயங்கினால் அவரே கையை நீட்டி வாங்கி டிராயரில் போட்டுவிடுவார். என்னைப் போலக் கண்ணாடி இல்லாதவர்களுக்கு வேறு ஏற்பாடு. சுவரில் ஓர் ஆணியில் பழைய கண்ணாடி ஒன்று தொங்கும், இடது பக்கம் கீறல் விட்டது. அதில் தேங்காய் எண்ணெயை விரலால் தடவி, "போட்டுக்குங்க தம்பி" என்று நீட்டுவார். எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தை அந்த மங்கலில் படித்துக் காட்ட வேண்டும். படித்தால்தான் மிஷின் ஓடும். முடியாவிட்டால் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி எடுப்பார்.

சரியான கிறுக்கு பிடித்த கடையில் வந்து மாட்டிக்கொண்டோம் என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

கடை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. ஜெராக்ஸ், மனு டைப் அடிப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது என்று அந்த வரிசையில் உள்ள எல்லாக் கடையிலும் நடக்கிற வேலைதான் அங்கேயும். ஆனால் காணாமல் போனவர்களைத் தேடி வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஆட்டோக்காரர்கள் நேராக இந்த அக்காவிடம்தான் கொண்டுவந்து இறக்குவார்கள். வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்புகிற ஆம்பளைக்கு நம் பக்கத்தில் ஊரா இல்லை? ஆனாலும் திருவண்ணாமலைக்குத்தான் வருவார்கள். காவி வேட்டியைக் கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் உட்கார்ந்துவிட்டால் ஒரு வேளைச் சோறு எப்படியும் கிடைத்துவிடும். ஏன் வந்தாய், எங்கிருந்து வந்தாய் என்று கேட்க ஒருத்தரும் கிடையாது.

என் அப்பாவும் அப்படித்தான் வந்தார்.

போளூரில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு தினமும் கடைக்கு வந்து தன் முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். மூன்று ஃபேஸ் மோட்டாரில் காயில் கட்டி முடித்தால் ஆறு ஒயர் நுனிகள் வெளியே நிற்கும். எது தொடக்கம், எது முடிவு என்று தெரிவதற்காக நான் நூல் கட்டிவிடுவேன், தொடக்கத்துக்குச் சிவப்பு, முடிவுக்குக் கறுப்பு. அந்த நூலைப் பார்த்து இணைப்புக் கொடுப்பது அப்பாவின் வேலை. ஒரு நாள் அவர் இணைப்புக் கொடுத்து ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றாமல் உறுமியது. அணைப்பதற்குள் புகை கிளம்பிவிட்டது. நான்கு நாள் வேலை. மோட்டாருக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே நிற்கிறார், அவர் வயலில் பயிர் காய்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"உங்க கை பட்டாலே நாசந்தான். எழுந்து எங்கயாவது போய் உக்காருங்க" என்றேன்.

அப்பா தன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை முக்காலி மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவர் போன் சார்ஜரில் இருந்தது, ஆள் இல்லை. அம்மாவின் மஞ்சப்பையும் இல்லை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அவர் இறங்கியதைப் பார்த்ததாகத் தெரிந்த கண்டக்டர் ஒருவர் சொன்னார்.

அப்பாவின் போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். கலரில், பெரிய போட்டோவாகப் போட வேண்டும், எழுத்து கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். அக்கா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"போட்டோ எதுக்கு?"

"எதுக்கா? ஆள அடையாளம் தெரிய வேணாமா?"

"இந்நேரம் மொட்டை அடிச்சிருப்பாரு. இல்லன்னா தாடி வளந்திருக்கும். காவி கட்டிட்டா பெத்த தாய்க்கே தெரியாது. யாருக்குக் காட்டப் போறீங்க இத?"

"ஜனங்களுக்குத்தான்."

"ஜனங்க சாமி கும்பிட வருதுங்க, உங்க அப்பாவத் தேடியா வருதுங்க? இதப் படிக்க வேண்டியது அவரு ஒருத்தருதான் தம்பி. அவருக்குத்தான் அடிக்கணும்."

காசு கொடுத்துப் போஸ்டர் அடிக்க வந்த இடத்தில் எனக்குப் பாடம் நடத்துகிறாரே என்று எரிச்சல். அப்பாவுக்கு என்ன வயது, கண்ணில் புரை உண்டா, கண்ணாடியைக் கையோடு எடுத்துப் போனாரா என்று வரிசையாகக் கேட்டார். ஒரு கண்ணில் புரை, கண்ணாடி வீட்டிலேயே இருக்கிறது என்றேன். "அதானே" என்று சொல்லிவிட்டுத் திரையில் அந்த எழுத்தைத் திறந்தார்.

கம்ப்யூட்டரில் அந்த எழுத்துக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். அக்கா 'பாதம் வெச்ச எழுத்து' என்றுதான் சொல்வார். மற்ற எழுத்துகளில் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும், கடைசியில் வால் மாதிரி இழுத்து முடியும். இதில் அந்தக் கதையே இல்லை. மேலிருந்து கீழே வரைக்கும் ஒரே தடிமன். கோடு முடிகிற ஒவ்வோர் இடத்திலும் சதுரமாக ஒரு கட்டை. ட என்று போட்டால் தரையில் பாதம் பதித்து நிற்கும். எண்களும் அப்படியே. 1க்குக் கீழே ஒரு பலகை, 7க்கு மேலே ஒரு பலகை, எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ள வழியில்லை. அழகு என்று சொல்ல முடியாது. பார்த்தால் இரும்பு வாசனை அடிக்கும்.

எனக்கு அந்த எழுத்தின் முகம் தெரியும். மோட்டார் மேல் வார்ப்பில் புடைத்து நிற்கிற இங்கிலீஷ் எழுத்து இதே சாயல்தான். எடைமேடையில், கூட்ஸ் வண்டிப் பெட்டியில், அரிசி மூட்டையில் எல்லாம் இதன் உறவுக்காரர்கள்தான். கிரீஸ் படிந்தாலும் பெயின்ட் உரிந்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த எழுத்து. தமிழிலும் அதே உடம்போடு யாரோ வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்பா ஆலையில் மிஷின் பெயர்களைக் கையால் தடவித்தான் படிப்பார் என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப சரி. பாத்ததும் கண்ணு அங்க போவும்" என்றார் அக்கா.

அப்புறம்தான் பெரிய சண்டை வந்தது. பெயர் ஒரு வரி, போன் நம்பர் ஒரு வரி, நடுவில் வீட்டார் சொல்ல நினைப்பது ஒரு வரி. அதற்கு மேல் அக்கா போட மாட்டார். 'எங்கிருந்தாலும் உடனே வரவும்' என்று போடச் சொன்னேன்.

"வரவும்னு உத்தரவு போடறதுக்கு அவரு என்னா உங்க ஆபீஸ் பியூனா? ஏன் போனாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அதுக்குப் பதில் சொல்லுங்க. ஒரு வரி போதும்."

எனக்குச் சுருக்கென்று பட்டது. "என் வீட்டு வெவகாரம் உங்களுக்கு எதுக்குங்க?" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொரு கடையில் பெரிய கலர் போட்டோவும் வளைந்து நெளிந்த எழுத்துமாக நூறு போஸ்டர் அடித்து, பாதை முழுக்க நானே ஒட்டினேன். நல்ல அழகு. அம்மா இருந்திருந்தால் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பாள்.

ஒரு மழை, அப்புறம் நாலு வாரம் வெயில். அடுத்த பௌர்ணமிக்கு வந்து பார்த்தால் சிவப்பும் மஞ்சளும் போய் அப்பா முகம் நீலம் பாரித்திருந்தது. அதற்கடுத்த பௌர்ணமிக்கு முகமே இல்லை. எழுத்தில் மெல்லிய கோடுகளெல்லாம் வெளுத்து, அங்கங்கே வால் மட்டும் மிச்சம் இருந்தது. என் நம்பரை என்னாலேயே கூட்டிப் படிக்க முடியவில்லை. வெட்கம் கெட்டுப்போய் மறுபடி வேங்கிக்காலுக்கே போனேன்.

அக்கா 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று அங்கே ஒரு கல்யாண வீட்டார் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பத்திரிகையையும் பாதம் வைத்த எழுத்திலேயே அடித்து வைத்திருந்தார்.

"ஏம்மா, இது பத்திரிகையா, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸா?" என்று பெண்ணின் தகப்பனார் குதித்தார்.

"உங்க பக்கத்துக் கெழவனுங்க எத்தினி பேரு கல்யாணத்துக்கு வரணும்? அவங்க படிக்க வேணாமா?"

அவர் காகிதத்தை மேஜை மேல் வீசிவிட்டுப் போனார். அக்கா அதை அடுக்கி மூலையில் வைத்தார். இப்படி எத்தனை வேலை கைவிட்டுப் போயிருக்குமோ தெரியாது. மனுவில் பொருள் என்று எழுதுகிற வரியும் அதே எழுத்துதான். "ஆபீசரு அந்த ஒரு வரிதான் படிப்பாரு. அவரு கண்ணாடியத் தேடறதுக்குள்ள மனு கட்டுல போயிடும்" என்பார்.

பின்னால் பௌர்ணமிக்கு வந்து கடையில் எட்டிப் பார்த்த நாட்களில் ஒரே ஒரு முறைதான் அக்கா சிரித்துப் பார்த்திருக்கிறேன். செங்கம் பக்கத்து ஆள் ஒருவர் காவி வேட்டியோடு கடைக்குள் புகுந்து, "யாரைக் கேட்டு என் பேர இவ்ளோ பெருசாப் போட்டீங்க? போற வர்றவன்லாம் படிக்கிறான், மானம் போவுது" என்று எகிறினார். அக்கா அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, உள்ளே போய் அவர் பெண்சாதிக்குப் போன் போட்டுவிட்டார். "மானந்தானே போச்சி? போவட்டும். ஆளு கெடைச்சிட்டாரு" என்று அன்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பத்திரிகையை வீசிவிட்டுக் கல்யாண வீட்டார் போன அன்று, அந்தக் கீறல் கண்ணாடி யாருடையது என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன். அக்கா பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரருது. ஆற்காட்ல இருந்தோம். ஒரு நாள் சொல்லாம வந்துட்டாரு. நானும் உங்கள மாரிதான், பெரிய போட்டோ, பூ எழுத்து, எல்லாம் அடிச்சி ஒட்டினேன். ஒரு வருசம் கழிச்சி அடி அண்ணாமலைல கண்டுபுடிச்சேன். செவுத்துல சாஞ்சி உக்காந்துகினு இருக்காரு. தலைக்கு மேல என் போஸ்டரு."

நான் ஆணியில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தேன்.

"ஏங்க, இதப் பாக்கலியான்னு கேட்டேன். 'கண்ணாடி ஒடைஞ்சி போச்சி, என்னமோ கோயில் நோட்டீசுன்னு நெனச்சேன்'னாரு. ஆறு மாசமா அது கீழதான் படுத்து எழுந்திருக்காரு, தம்பி. கூட்டிகினு வந்தேன். ஆனா ஆளு தேறல. நாப்பது நாளுதான் இருந்தாரு."

குரல் உடையவில்லை. மிஷினில் பேப்பரைத் தட்டி அடுக்கினார். நான்தான் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அந்த மனுஷியிடம் என்ன திமிராகப் பேசிவிட்டுப் போனேன் என்று எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

அன்று நான் சொன்ன வரி இது: 'அப்பா, உங்க முக்காலி அப்படியே இருக்கு.'

அக்கா அடித்தார். திரையில் பெயர், அந்த வரி, கீழே நம்பர். நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது.

"அவ்ளோதானா தம்பி?"

"அவ்ளோதான்."

"எடம் ஜாஸ்தி இருக்கு."

என்ன கேட்கிறார் என்று தெரிந்துதான் இருந்தது. தப்பு என்னுடையது என்று ஒரு வரி. நாக்கு வரை வந்தது. ஆனால் இணைப்பைத் தப்பாகக் கொடுத்து மோட்டாரை எரித்தது அவர்தானே? கத்தியது தப்பு, அதற்காக எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொள்ள முடியுமா? நடுத்தெருவில் ஊரெல்லாம் படிக்கிற மாதிரி? "போதும்க்கா" என்றேன். அக்கா வற்புறுத்தவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி அந்த வெள்ளையை அடைத்திருக்கலாம். செய்யவில்லை, அப்படியே விட்டு அடித்துக் கொடுத்தார். "பௌர்ணமியில வராதீங்க. கூட்டத்துல ஒண்ணும் தெரியாது, சும்மா நாள்ல வந்து தேடுங்க" என்று மட்டும் சொன்னார். நான் கேட்டேனா? பௌர்ணமிக்குத்தான் எங்கள் ஊரிலிருந்து ஸ்பெஷல் பஸ். பௌர்ணமிக்குத்தான் வந்தேன், மூன்று முறை.

நாலாவது பௌர்ணமிக்கு முன்னாலேயே ஒரு காலையில் போன் வந்தது. திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரியில் காய்ச்சலோடு சேர்த்த ஒரு பெரியவர் இறந்துவிட்டார், அவர் பையில் இருந்த காகிதத்தில் இந்த நம்பர் இருக்கிறது, நீங்கள் யார் என்று கேட்டார்கள்.

அப்பாவைச் சேர்த்துவிட்ட சாமியார் வெளியே மரத்தடியில் எனக்காகக் காத்திருந்தார். மஞ்சப்பையை அவரே என் கையில் கொடுத்தார்.

"நீதானா பையன்? அந்தப் போஸ்டர அவரே தண்ணி தொட்டு, கிழியாமப் பிச்சி எடுத்தாருப்பா. ராப்பகலா பக்கத்துலயே வெச்சிருந்தாரு. எங்கிட்ட பேனா கேட்டாரு, குடுத்தேன். போன் போடட்டுமான்னா வேணாம், அவனே வருவான்னுட்டாரு. பையன் வந்தா இதக் காட்டணும்னு சொல்லிகினே இருந்தாரு."

"நான் வந்தனே சாமி! பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்தனே!"

"பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தின்னு அவரு மலை மேல குகைப் பக்கம் ஒதுங்கிடுவாருப்பா."

பையில் ஒரு துண்டு, ஒரு டம்ளர், பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்த போஸ்டர். பின்பக்கம் பசையும் சுண்ணாம்பும் அப்பியிருந்தன. முன்பக்கம் காகிதம் பழுத்திருந்தாலும் எழுத்து ஒன்றுகூடப் போகவில்லை. அப்பா பெயர், முக்காலி, என் நம்பர், எல்லாம் கறுப்பாக அப்படியே நின்றன. நடுவில் அக்கா விட்ட வெள்ளையில் பேனாவால் ஒரு படம் போட்டிருந்தார்.

ஆறு ஒயர் நுனிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சி, க என்று நூலின் நிறம். முதல் இரண்டு ஜோடிக்கும் டிக் அடித்திருந்தது. மூன்றாவது ஜோடியில் சி இருக்க வேண்டிய இடத்தில் க, க இருக்க வேண்டிய இடத்தில் சி. அங்கே ஒரு சின்ன அம்புக்குறி. வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது காயிலுக்கு நூல் கட்டும்போது நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா முக்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நூலை மாற்றிக் கட்டியது நான். அதை நம்பி இணைப்புக் கொடுத்தவர் அவர். அந்த உறுமலை மனசுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தாரோ. திட்டி எழுத அந்த வெள்ளையில் இன்னும் இடம் இருந்தது. திட்டவில்லை. இனிமேல் இப்படிக் கட்டாதே என்று சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

அடக்கம் முடிந்த சில நாளில் வேங்கிக்காலுக்குப் போனேன். அக்காவிடம் காகிதத்தைக் காட்டினேன். படம் என்ன என்று கேட்டார், சொன்னேன். வெகு நேரம் அதைக் கையில் வைத்திருந்தார்.

"பதினாறாம் நாளுக்குப் போஸ்டர் அடிக்கணும்க்கா. அதே எழுத்துல. அப்பா, தப்பு என்னுதுன்னு பெருசாப் போடுங்க. பாதை முழுக்க ஒட்டணும்."

அக்கா கீபோர்டில் கை வைக்கவில்லை.

"யாரு படிக்கறதுக்கு?"

"ஊரு படிக்கட்டும்க்கா!"

"ஊருக்கு என்னாத்துக்கு? படிக்க வேண்டியவரு போயிட்டாரு தம்பி. நான் அடிக்க மாட்டேன்."

கெஞ்சினேன். அப்புறம் கத்தினேன். கல்நெஞ்சு என்றேன், அதைவிட மோசமாகவும் ஏதோ சொன்னேன். அவர் எழுந்து வந்து போஸ்டரை மடிப்புக் கலையாமல் மடித்து என் பையில் வைத்துவிட்டு, அடுத்து நின்றவரிடம் "மொதல்ல கண்ணாடியக் கழட்டுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. போன வருஷம் ஒரு வேலையாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனபோது அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. அக்கா ஆற்காட்டுக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்தப் போஸ்டரை என் கடையில் முக்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். எனக்கும் இப்போது கண்ணாடி வந்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, கடையின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் அப்பா பெயரைப் படித்துவிடலாம். அவர் போட்ட படம் மட்டும் தெரியாது, பேனாக் கோடு மெல்லிசு. ஒவ்வொரு மோட்டாருக்கும் நூல் கட்டி முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் கிட்டே போய் நின்று சரிபார்த்துக்கொள்கிறேன்.